கிரோன்தாலைத் திட்ட ஓர் ஆள் வேண்டும்

கிரோன்தால்,
1962 மார்ச் 11

அன்புத் தம்பி ஹால்வாருக்கு அக்கா குன்வோர் எழுதுவது.

நானும் உன் யோஸ்டைன் அத்தானும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? டிராமில் நின்று ஓட்டும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள்கிறாயா?

சின்ன ஊராட்சிகளைப் பெரியவற்றோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்கும் அரசுக் குழு போன வாரம், வாரம் ஒருமுறை தபால் கொண்டுவரும் பனிவண்டியில் ஏறி இங்கே வந்தது. மூன்று பேர், டவுன் செருப்போடு பனியில் இறங்கி, கோழி நடப்பது போல நடந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நம்மைக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் பிரைவோலோடு சேர்த்தால் ஊராட்சி அலுவலகம் அங்கே போய்விடும். மேல்வகுப்புகளும் மருத்துவச்சி வேலையும் கூடப் போய்விடும். நவம்பரில் மூடுகிற கணவாய் மே மாதம்தான் திறக்கும் என்பது உனக்குத் தெரியும். பிறக்கிற பிள்ளை அதுவரை பொறுத்திருக்குமா?

ஒவ்வொருவராக எழுப்பி, இங்கே வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அத்தான் "ஏதோ ஓடுது" என்றார். கடைக்கார ஓசே, "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள். பனி தள்ளும் தோர்லைவ் வெகுநேரம் யோசித்துவிட்டு, "இதவிட மோசமான இடமெல்லாம் இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதே இல்லை. என் முறை வந்தபோது "பழகிப்போச்சு" என்றேன். ரொம்பவும் பெருமையடித்துவிட்டோமோ என்று வீட்டுக்கு வந்த பிறகும் கூச்சமாக இருந்தது.

புளிப்பாலாடைக் கஞ்சியும் காபியும் கொடுத்து அனுப்பினோம். மரியாதையாக நடந்துகொண்டோம் என்ற திருப்தி எல்லோருக்கும் உண்டு.

நேரத்துக்குச் சாப்பிடு.
குன்வோர்

—

ஓஸ்லோ,
1962 ஏப்ரல் 2

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் மரியாதைக்குப் பலன் வந்துவிட்டது. நேற்று யாரோ டிராமில் விட்டுப்போன செய்தித்தாளை எடுத்துப் பிரித்தால், நம் ஊர்ப் பெயர். குழு சொல்கிறது: "கிரோன்தால் மக்களிடம் தங்கள் ஊராட்சி மீது குறிப்பிட்ட பற்று எதுவும் தென்படவில்லை. இணைப்புக்கு எதிர்ப்பு இராது." என்ன நினைத்தீர்கள் அக்கா? அவர்கள் வெளியூர்க்காரர்கள். "ஏதோ ஓடுது" என்றால் ஏதோ ஓடுகிறது என்றுதான் எழுதிக்கொள்வார்கள். அத்தான் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நாம் வாயைத் தைத்துக்கொண்டே பிறக்கிறோம். மேல்முறையீடு உண்டென்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. செய்வதானால் உடனே செய்யுங்கள்.

ஹால்வார்

—

கிரோன்தால்,
1962 மே 6

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அதாவது உடம்பளவில்.

செய்தி வந்த அன்று ஊர் கொந்தளித்துவிட்டது. அத்தான் இரண்டாவது கோப்பை காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் இது முதல் தடவை.

மேல்முறையீடு செய்தோம். ஆடுகள் மலையிலிருந்து இறங்கிய பிறகு, அக்டோபரில் குழு மறுபடி வருகிறது. இந்த முறை மக்கள் தங்கள் ஊரைப் பற்றி "வெளிப்படையாக" பேச வேண்டுமாம். அதனால் மாதர் சங்கம் சார்பில் ஊருக்கே பயிற்சி வைத்திருக்கிறோம். சிரிக்காதே. வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்தில் கூடுகிறோம். ஒவ்வொருவரும் எழுந்து ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை உரக்கச் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் யாரும் எழவில்லை. இரண்டாவது வாரம் ஓசே எழுந்தாள், காது வரை சிவந்தாள், உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது வாரம் தோர்லைவ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "தண்ணி... குடிக்கலாம்" என்றார். சொன்ன வேகத்தில் வெளியே போய்விட்டார். மறுநாள் கடையில் அவரைப் பார்த்தவர்கள், அம்மணமாக நின்றவரைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இங்கே ஊரே ஊமையாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

குன்வோர்

—

ஓஸ்லோ,
1962 ஜூன் 3

அக்காவுக்கு,

நலம். வெயில் வந்துவிட்டது. டிராமில் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுகிறேன்.

"தண்ணி குடிக்கலாம்" என்பதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் ஒரு நிறுத்தத்தையே தாண்டிவிட்டேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் கோபம்தான் மிஞ்சியது. பத்தொன்பது வயதில் பள்ளிக்குப் பின்னால் உள்ள சரிவில் நான் பனிச்சறுக்கில் தாவினேனே, அதை நினைத்துக்கொண்டேன். அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. கீழே நின்று திரும்பிப் பார்த்தேன். ஊர் மொத்தமும் நின்றிருந்தது. ஒரு கை தட்டவில்லை. தோர்லைவ் கிட்டே வந்து, "உன் சறுக்குக் கட்டை வார் லூசா இருக்கு, பாரு" என்றார். பிறகு எல்லோரும் காபி குடிக்கப் போய்விட்டார்கள். பனி உருகுவதற்குள் நான் ஓஸ்லோவுக்கு ரயிலேறிவிட்டேன். பதினாலு வருஷம் ஆகிறது. நீ ஒருமுறைகூட ஏன் போனாய் என்று கேட்டதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. ஊரைப் பற்றி மூன்று பக்கம் எழுதுகிறாய். ஊராட்சி மருத்துவச்சி நீதானே? சேர்த்துவிட்டால் உன் கதி என்ன? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஹால்வார்

—

மலைக் கொட்டகை, கிரோன்தால்,
1962 ஜூலை 22

தம்பிக்கு,

மாடுகளோடு மேய்ச்சல் மேட்டுக்கு வந்துவிட்டோம். பால் நன்றாக இருக்கிறது. இங்கே கொசு ஒன்றுதான் நம்மோடு பேசுகிற பிராணி.

நீ கேட்டதற்கு அப்புறம் பதில் எழுதுகிறேன். முதலில் இதைக் கேள்.

போன வாரம் பிரைவோலிலிருந்து ஒரு மாட்டு வியாபாரி ஓசே கடைக்கு வந்தான். சீஸை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த இருட்டுப் பள்ளத்துல மாடு எப்படித்தான் பால் கறக்குதோ" என்று சும்மா சொன்னான். தோர்லைவ் ஆணி வாங்க நின்றிருந்தார். திரும்பினார். ஹால்வார், அந்த மனிதர் பேசினார். புல்லைப் பற்றிப் பேசினார், மலை ஓடையைப் பற்றிப் பேசினார், எந்தச் சரிவில் எந்தப் பூ வந்தால் பால் இனிக்கும் என்று பேசினார். வியாபாரியின் பைப் அணைந்து, பற்றவைத்து, மறுபடி அணைந்துவிட்டது. ஓசே கல்லாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் தோர்லைவ் தான் செய்ததை உணர்ந்து, ஆணியை மறந்துவிட்டு ஓடிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஆட்களுக்குப் புகழத் தெரியாது. மறுக்கத் தெரியும். யாராவது எழுந்து நின்று இந்த ஊரைத் திட்டினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரன் திட்டினால் குழுவுக்கு அது சண்டையாகத் தெரியும். ஊர்க்காரன் எவனும் திட்ட மாட்டான். இங்கே பிறந்து, இங்கே வாழாத ஒருவன் வேண்டும். மனதில் கொஞ்சம் நிஜமான கோபமும் வேண்டும்.

எனக்குத் தெரிந்து அப்படி ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான். வருவாயா?

குன்வோர்

—

கிரோன்தால்,
1962 ஆகஸ்ட் 26

தம்பிக்கு,

சுகமா? இங்கே ப்ளூபெர்ரி பழுத்துவிட்டது. அறுத்த புல் காய்ந்துவிட்டது. என் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. மலையிலிருந்து தபால் இறங்கும்போது சில சமயம் தவறிப் போகும்.

கூட்டம் அக்டோபர் ஆறாம் தேதி, சனிக்கிழமை.

குன்வோர்

—

ஓஸ்லோ,
1962 செப்டம்பர் 16

அக்காவுக்கு,

கடிதம் ஜூலையிலேயே கிடைத்தது. தபாலைக் குறை சொல்லாதே.

கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத ஊருக்கு நான் கெட்ட வார்த்தை சொல்லி உதவ வேண்டுமா என்று நினைத்தேன். அப்புறம், கணவாய் மூடின ஒரு ஜனவரியில் யாரோ ஒரு பெண்ணுக்கு வலி எடுப்பதை நினைத்தேன். உன்னை நினைத்தேன். நீ இன்னும் பதில் எழுதாத கேள்வியையும் நினைத்தேன்.

வருகிறேன். ஆனால் ஒன்று. நான் நடிக்க மாட்டேன். திட்டினால் நிஜமாகத்தான் திட்டுவேன். உன்னிடம் சொல்லாததையும் சொல்லுவேன். பிரைவோல் விடுதியில் தங்கி, நேரே கூட்டத்துக்கு வந்து, பேசிவிட்டுக் கடைசி பஸ்ஸில் போய்விடுவேன். அப்பா அம்மா வாழ்ந்த நம் வீடு பூட்டியே இருக்கட்டும். எனக்காகக் காபி வைக்காதே.

ஹால்வார்

—

கிரோன்தால்,
1962 அக்டோபர் 14

என் தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? பேசி முடித்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியேறிவிட்டாய். பஸ் கிளம்பும் சத்தம் உள்ளே கேட்டது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஆகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ கதவைச் சாத்தினதும் யாரோ அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டார்கள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், குடும்பச் சண்டைக்கு நடுவில் வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

அப்புறம் ஓசே எழுந்தாள். நீ சூரியனைப் பற்றிச் சொன்னாயே, மூன்று மாதம் வெயில் படாத ஊரில் மனிதன் இருப்பானா என்று, அதை எடுத்துக்கொண்டாள். "வெயில் போறது எங்களுக்கும் தெரியும். ஆனா அது திரும்பி வர்ற அன்னிக்கு இந்த ஊர்ல ஒருத்தர் வீட்டுக்குள்ள இருக்க மாட்டாங்க. அவனோட ஓஸ்லோவுல எவனாவது சூரியனுக்காக வாசல்ல நின்னிருக்கானா?" சொல்லிவிட்டு உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

உன் அத்தான் எழுந்தார். ஆமாம், உன் அத்தான்தான். மனிதரைவிட ஆடு அதிகமுள்ள ஊர் என்று நீ கேலி செய்தது அவரைக் குத்திவிட்டது. "ஆடு அதிகம்தான். ஒரு ஆடு காணாமப் போனா ஊரே மலை ஏறும். அவன் இருக்கிற இடத்துல ஒரு மனுஷன் காணாமப் போனா யாரு ஏறுவா?" என்றார். நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டது வீண்போகவில்லை என்று அந்த நிமிஷம் நினைத்தேன். இதை அவரிடம் சொல்லிவிடாதே.

அதற்குப் பிறகு அணை உடைந்தது. சாலையைப் பற்றி ஒருவர், பள்ளியைப் பற்றி ஒருவர், பின்வரிசையிலிருந்து பெண்கள். எந்தப் பனிப்புயலில் எந்த வீட்டுக்கு மருத்துவச்சி போனாள், யார் முன்னால் நடந்து வழி வெட்டினார்கள், யார் வண்டி கட்டினார்கள் என்று ஐந்து மாத வயிற்றோடு எழுந்து நின்று இங்கீரிட் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊர் முழுக்க உன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே ஊரைப் புகழ்ந்தது. குழுவில் இளையவர் எழுதி எழுதிக் கையை உதறிக்கொண்டார்.

கடைசியாகத் தோர்லைவ் எழுந்தார். அவர் குழுவைப் பார்க்கவில்லை. நீ போன கதவைப் பார்த்தார். நீ கடைசியாக என்ன சொன்னாய் என்பது உனக்கு நினைவிருக்கும். இந்த ஊரில் ஒருவன் எவ்வளவு தூரம் தாவினாலும் பார்க்கக் கண்ணில்லை என்றாய். அது நடிப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தோர்லைவ் சொன்னார்: "அது பொய். அவன் காலு ஊணின இடத்துல அன்னிக்கே குச்சி நட்டேன். பனி உருகினதும் அங்க கல்லு நட்டேன். வருஷா வருஷம் சிவப்பு பெயிண்ட் அடிக்கிறேன். இந்த ஊர்ப் பசங்க அத்தன பேரும் அந்தக் கல்ல பாத்துத்தான் தாவுறாங்க. இன்னும் ஒருத்தனும் தொடல. அது அவனுக்குத் தெரியும்."

ஹால்வார், உனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சரிவுக்குப் பெயரே ஹால்வார் சரிவு. எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். உனக்கு யாரோ எழுதியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நானும் நினைத்திருக்கிறேன். எப்படிப்பட்ட கல்லுளிமங்கர்கள் நாம்.

தலைவர் தோர்லைவிடம், அந்தக் கல்லைக் காட்ட முடியுமா என்று கேட்டார். டவுன் செருப்போடு மூவரும் ஈரப் புல்லில் ஏறினார்கள். ஊர் முழுவதும் பின்னால் ஏறியது. தலைவர் கல்லின் பக்கத்தில் நின்று, மேலே தாவும் மேடையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

குழு என்ன முடிவு எடுக்கும் என்று தெரியாது. ஆனால் தம்பி, நான் இதுவரை யாருக்கும் எழுதாததை எழுதுகிறேன். உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன். அன்றைக்கும் பட்டேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: சேர்த்துவிட்டால் எனக்கு வேலை இல்லை. இருபது வருஷமாக இதைத் தவிர வேறெதையும் நான் விரும்பியதில்லை. போதுமா?

உன் அக்கா

—

ஓஸ்லோ,
1962 நவம்பர் 4

அக்கா,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடைசி நிறுத்தத்தில் பிரித்தேன். வண்டியை எடுக்கும் நேரம் வந்தது. எடுக்க முடியவில்லை. கண்டக்டர் வந்து, "என்னண்ணே, வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை, ஊரில் ஒரு கல்லுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களாம் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பயணிகளிடம் பழுது என்று சொல்லிச் சமாளித்தான்.

முப்பத்துமூன்று வயது ஆண்பிள்ளை டிராமுக்குள் உட்கார்ந்து அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

நான் பேசினதில் பாதி நிஜமான கோபம். மீதிப் பாதி என்னவென்று பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. அதனால்தான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். பார்த்திருந்தால் பஸ்ஸைக் கோட்டை விட்டிருப்பேன்.

முடிவு தெரிந்த அன்றே எழுது. நல்லதோ கெட்டதோ.

ஹால்வார்

—

கிரோன்தால்,
1963 பிப்ரவரி 13

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். இந்த முறை எல்லாவிதத்திலும்.

திங்கட்கிழமை மதியம் வானொலியில் செய்தி வந்தது. நான் இங்கீரிட் வீட்டில் இருந்தேன். கணவாய் மூடிக் கிடக்க, தோர்லைவ் முன்னால் பனி தள்ளிக்கொண்டு போக, பின்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தேன். பெண் குழந்தை. நல்ல குரல், நம் ஊருக்குக் கொஞ்சம் அதிகமான குரல். தொப்புள் கொடியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, இங்கீரிட்டின் புருஷன் சமையலறையிலிருந்து வந்து கதவருகே நின்றான். "கிரோன்தால் கிரோன்தாலாவே இருக்குமாம்" என்றான். இங்கீரிட் படுத்தபடியே என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் முடிச்சை இறுக்கினேன். வேலை இருந்தது.

வீடு திரும்பும் வழியில் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. மாடு கறக்கும் நேரம். ஓசே கடை வாசலில் பனியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், தலையை மட்டும் ஆட்டினாள். இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலைத் திறந்தேன். கொடி ஏற்றுவதற்குப் பண்டிகையும் இல்லை, யாருடைய பிறந்தநாளும் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் இன்னும் வெயில் எட்டவில்லை. அந்த நீல நிழலில், ஓசே வீட்டுக் கம்பத்தில் தேசியக் கொடி பறந்தது. அதற்கு மேலே அடுத்த வீட்டில். ஆற்றுக்கு அந்தப்புறம். சரிவின் உச்சியில் தோர்லைவ் வீட்டில். கண்ணுக்கு எட்டின தூரம் வரை பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் ஒரு வீடு மிச்சமில்லை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஹால்வார். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தோன்றியது என்று நினைத்துக்கொண்டு ஏற்றியிருக்கிறார்கள். அத்தான் கயிற்றைக் கட்டிவிட்டு உள்ளே வந்து, அவராகவே இரண்டாவது கோப்பை காபி ஊற்றிக்கொண்டார்.

பிறகு நான் கறவைப் பாத்திரத்தோடு வெளியே வந்தபோது, பாதைக்கு மேலே பூட்டிக் கிடக்கும் நம் வீட்டைப் பார்த்தேன். அங்கேயும் கொடி பறந்துகொண்டிருந்தது. முழங்கால் அளவு பனியில் கம்பம் வரை யாரோ நடந்துபோன தடம் இருந்தது. நான் ஏற்றவில்லை. அத்தானும் இல்லை என்கிறார். யாரென்று நான் விசாரிக்கப் போவதில்லை.

குன்வோர்

—

ஓஸ்லோ,
1963 பிப்ரவரி 20

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலம்.

இன்று காலை டிராம் கம்பெனியில் வேலையை விட்டுவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டார். வீட்டுக்குப் போகிறேன் என்றேன். எந்த வீடு என்றார். கொடி ஏற்றியிருக்கிற வீடு என்றேன். அவருக்குப் புரியவில்லை, நான் விளக்கவும் இல்லை.

கணவாய் திறந்ததும் முதல் பஸ்ஸில் வருகிறேன். காபி வை.

ஹால்வார்